வெயில் ஜன்னலுக்கு வரும்வரை

“தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. நான் அந்தப் பையைப் பார்க்கறேனா, பார்க்கலையா?” என்று ஜெயகௌரி அம்மா கேட்டார். படத்தில் அம்மாவாக நடிக்க வந்தவர். எத்தனையோ தொடர்களில் எத்தனையோ பேருக்கு அம்மாவாக இருந்து, மண்ணை வாரித் தூற்றி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிப் பழகியவர். யாரும் யாரையும் அறையாத, ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதையே பெரிய சம்பவமாக நினைக்கிற இந்த மாதிரிச் சின்னப் படம் அவருக்குப் புதிது. இயக்குநர் சேரலாதன் தாடியைச் சொறிந்துகொண்டான். “பார்க்கலைம்மா. அதான் படமே. இந்தப் பொண்ணை அந்த வீட்டுல யாருமே பார்க்கலை.” ஜெயகௌரி அம்மா விடுகிற ஆள் இல்லை. “அது சரி தம்பி. கட்டில் மேல இவ்ளோ பெரிய பை உட்கார்ந்திருக்கு. நான் உள்ளே வந்து அவகிட்டப் பேசிட்டும் போறேன். எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? பார்க்கலைன்னா அதுக்கு ஒரு மூஞ்சி, பார்த்துட்டுப் பேசாம போனா அதுக்கு ஒரு மூஞ்சி. எதுன்னு சொன்னாத்தானே வெச்சுக்க முடியும்?” மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் என்ன செய்வானோ, சேரலாதன் அதைச் செய்தான். உதவி இயக்குநர் குழலியின் பக்கம் திரும்பினான். “நீ சொல்லு. உன் ஃப்ரெண்டு கதைதானே? வெயில் ஜன்னலுக்கு வர்றதுக்குள்ள யோசிச்சு எனக்கு ஒரு பதில் சொல்லிடு. இன்னைக்கு விட்டா இந்த வீடு நமக்குக் கிடையாது.”

யோசிப்பதற்கு அவளுக்கு இடமும் கொடுத்தார்கள். அம்பத்தூரில் வாடகைக்குப் பிடித்த அந்தப் பழைய வீட்டின் மேற்கு அறையில், கட்டிலின் விளிம்பில், பைக்குப் பக்கத்தில். விளக்குகள் வாடகைக்கு எடுக்க வக்கில்லாத படம் என்பதால் சூரியனை நம்பித்தான் பிழைப்பு. கதாநாயகி தன்வி தெருவில் காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். அவளுடைய உயரத்துக்கும் உடம்புவாகுக்கும் கிட்டத்தட்டப் பொருந்துகிறவள் குழலி. எனவே வெயில் வரும்வரை தன்வியின் இடத்தில் குழலி உட்கார வேண்டும். ஒளிப்பதிவாளர் பெனடிக்ட் தெர்மாகோல் அட்டையை இப்படியும் அப்படியும் சாய்த்து அவள் கன்னத்தில் வெளிச்சம் பிடித்துப் பார்ப்பான். “கலர் ஒரு பொட்டு கம்மி, பரவாயில்லை, கூட்டிக்கலாம்” என்று முகத்துக்கு நேரே சொல்லுவான். முதல் நாள் அது சுருக்கென்று தைத்தது. இப்போது பழகிவிட்டது. தன்னைத்தான் அப்படிப் பார்க்கிறார்கள் என்று இல்லாமல், தான் உட்கார்ந்திருக்கிற இடத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். “அசையாதே” என்றான் பெனடிக்ட். அவள் அசையவில்லை.

அசையாமல் இருக்கச் சொன்னால் போதும், மனசுக்குக் கால் முளைத்துவிடும். பார்த்தாளா, பார்க்கவில்லையா. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, பார்க்கவில்லை, அவ்வளவுதான், அதைத்தானே இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சேரலாதனிடம் ஒரு மழை நாளில் டீக்கடையில் நின்று சொன்னபோது தோழி ஒருத்தியின் கதை என்றுதான் ஆரம்பித்தாள். தென்காசிப் பக்கம் சார், காலேஜ் முடிச்சுட்டு வீட்டுல இருந்தா, மெட்ராஸ் போய் சினிமா படிக்கணும்னு ஆசை, அவங்க அப்பா ஒரே வார்த்தையா முடியாதுன்னுட்டார், ஒருநாள் சாயங்காலம் யாருக்கும் தெரியாம பையைக் கட்டிட்டா, பஸ் ஏறினா போதும், கட்டில்ல உட்கார்ந்திருக்கா, அம்மா உள்ளே வந்தாங்க, பை பக்கத்துலயே இருக்கு, அம்மா அதைப் பார்க்கவே இல்லை, பால் பொங்குது போய் இறக்குன்னு சொன்னாங்க, இவ போய் இறக்கினா, அவ்வளவுதான் சார், பஸ் போயிடுச்சு. சேரலாதனின் கையில் டீ ஆறிப்போனது. அப்புறம் என்று கேட்டான். அப்புறம் ஒண்ணுமில்ல சார் என்றாள். அந்த ‘ஒண்ணுமில்ல’தான் அவனைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து ஒரு படமே வந்துவிட்டது. படத்தில் அந்தப் பெண் வேறொரு நாளில் வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள், தன்னைத் தானே கண்டுகொள்கிறாள், கடலைப் பார்த்து நிற்கிறாள், இந்த மாதிரிப் படங்களில் கடைசியில் எல்லாரும் கடலைப் பார்த்துத்தான் நிற்கிறார்கள். ஆனால் முதலில் யாரோ ஒருத்தர் அவளைப் பார்க்காமல் இருக்க வேண்டும். அந்த வேலையைத்தான் அவள் அம்மாவுக்குக் கொடுத்திருந்தாள். கொடுக்கும்போது அது ஒரு வேலையாகத் தெரியவில்லை, நடந்ததைச் சொல்வதாகத்தான் இருந்தது. இப்போது வெயில் வந்ததும் கேமரா ஓடும், ஓடிவிட்டால் அது அப்படியே நின்றுவிடும், செண்பகவல்லி என்கிற அவளுடைய அம்மா, பெற்ற பெண்ணைப் பார்க்காத அம்மாவாக, யார் யாரோ இருட்டில் உட்கார்ந்து பார்க்கும்படி, எப்போதைக்கும்.

பேண்ட் பாக்கெட்டில் போன் விர்ரென்று அதிர்ந்தது. எடுக்க முடியாது, அசையக் கூடாது. எடுக்காவிட்டாலும் தெரியும், அம்மாதான், விளக்கேற்றப் போகுமுன் ஒருதடவை கூப்பிடுவாள். சாப்ட்டியா, தலைக்கு எண்ணெய் வச்சியா, அங்க மழையா. வேலையில இருக்கேம்மா, அப்புறம் பேசுதேன். அந்த அப்புறம் வருவதேயில்லை, அம்மாவும் அதைப் பிடித்துத் தொங்குவதில்லை. அதுகூட அவளுக்குக் குறையாகத்தான் பட்டது, ஏன் ஒருதடவையாவது சண்டை போடக் கூடாது, ஏன்ட்டி எடுக்க மாட்டேங்கன்னு கத்தக் கூடாது. பார்க்காதவள் கேட்கவும் மாட்டாள். போன் அதிர்ந்து ஓய்ந்தது. தொடையில் அந்த நடுக்கம் மட்டும் கொஞ்ச நேரம் மிச்சம் இருந்தது. பெனடிக்ட் அட்டையை இறக்கினான், ஏற்றினான். வெளிச்சம் அவள் தாடையில் வந்து உட்கார்ந்து, நழுவி, கழுத்துக்குப் போனது. எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உதறுகிற சத்தம். கண் சொக்கியது. இது அம்பத்தூர் அறையா, தென்காசி அறையா, இங்கேயும் சுவரில் சுண்ணாம்பு உப்பிக்கொண்டு நிற்கிறது, இங்கேயும் ஜன்னல் கம்பியின் நிழல் தரையில் விழக் காத்திருக்கிறது. பை மட்டும் வேறு. அவளுடையது நீலம், இது காக்கி. கலை இயக்குநர் என்று தனியாக யாரும் இல்லாததால் அவளே தேடி வாங்கியது. நீலத்தில் கிடைக்கவில்லை என்று சேரலாதனிடம் சொன்னாள். கிடைத்தது. கடையில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. வாங்கப் பயமாக இருந்தது.

பால் பொங்குது போய் இறக்கு. அந்தக் குரல் அப்படியே இருக்கிறது, கொஞ்சம் அடைத்த குரல், அம்மாவுக்கு எப்போதும் பனி ஒத்துக்கொள்ளாது. அவள் எழுந்து போனாள். அடுப்படி. அலுமினியப் பாத்திரம். பால் பொங்கிக்கொண்டு. இல்லை. இங்கேதான் ஒவ்வொரு முறையும் ஏதோ இடறும், அவள் தாண்டிப் போய்விடுவாள். இன்றைக்குத் தாண்டிப் போக இடமில்லை, உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். பால் பொங்கிக்கொண்டு இருந்ததா? பொங்கினால் வாடை வந்திருக்கும், அடுப்பில் வழிந்து தீய்ந்த வாடை, அது வரவில்லை. அவள் துணியைப் பிடித்துக்கொண்டு அடுப்பின் முன்னால் நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள், பாலின் மேல் ஏடுகூடக் கட்டவில்லை, ஓரத்தில் ஒரு குமிழி இல்லை, விரலை வைத்துப் பார்த்தாள், ஆமாம், விரலை வைத்துப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. அப்போதுதான் பற்றவைத்த அடுப்பு. பொங்குகிறது என்று சொன்னாளே. அவள் சொன்னது பொய். அம்மா எதற்கு இப்படி ஒரு பொய் சொல்ல வேண்டும். பாலைக் காட்டி ஏமாற்றி ஒரு பெண்ணை அறையைவிட்டு வெளியே அனுப்புகிறவள், அறைக்குள் என்ன செய்யப்போகிறாள். தடுக்கவா. பையைத் தூக்கிப் பரணில் போடவா. போடவில்லையே. பால் காய்ந்து, காப்பி கலக்குமுன் அவள் அறைக்குத் திரும்பி வந்து பார்த்தபோது பை வைத்த இடத்தில்தான் இருந்தது. ஜிப் மூடியபடி. பைக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாதான் இல்லை. ‘மேலவீடு வரைக்கும் போய்ட்டு வாரேன்’ என்று அடுப்படி வாசலில் தலையை மட்டும் நீட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் நாலு வீடு தள்ளி ஊர்க்கதை பேசப் போனவள். அதற்கும் சேர்த்துத்தான் கோபம். இங்கே ஒருத்தி நெஞ்சு வெடித்துச் சாகிறாள், அங்கே அவளுக்கு மேலவீட்டில் பேச்சு.

“வெயிலுக்கு இதமா இருக்கும், ஒரு வாய் குடி கண்ணு” என்று ஜெயகௌரி அம்மா ஒரு தம்ளரை அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினார். பெனடிக்ட் “மேடம், ஃப்ரேம்!” என்று கத்தினான். “அடப் போப்பா, இன்னும் வெயிலே வரலை, அதுக்குள்ள என்ன ஃப்ரேம்” என்று அவர் அங்கேயே நின்றார். குழலி தலையை அசைக்காமல் உதட்டை மட்டும் தம்ளரில் வைத்து உறிஞ்சினாள். எலுமிச்சை ஜூஸ். சர்க்கரை குறைச்சல், தோலோடு பிழிந்த கசப்பு. “சிரிக்காதே, சிந்திடும்” என்றார் அவர். அவள் சிரிக்கவில்லை. ஜூஸ் தொண்டைக்குள் இறங்கிவிட்டது, வாசனை மட்டும் இறங்காமல் மூக்கிலேயே நின்றது.

பஸ் வாசனை. யாராவது கேட்டால் சிரிப்பார்கள், எலுமிச்சையில் எப்படி பஸ் வாசனை வரும் என்று. அவளுக்கு வரும். சின்ன வயசிலிருந்து பஸ் ஏறினால் போதும், புளியரை மேட்டில் முதல் வளைவு திரும்புவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். எத்தனை பேருடைய வேட்டியை நாசம் பண்ணியிருக்கிறாள். அதனால் எங்கே கிளம்பினாலும் அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை அவள் கையில் திணித்துவிடுவாள். நகத்தால் கீறி மோந்துக்கோட்டி, ஜன்னலோரமா உக்காரு, கீழ பாக்காத, தூரத்துல பாரு. சங்கரன்கோவிலுக்குப் போனாலும் பழம், திருச்செந்தூருக்குப் போனாலும் பழம். காலேஜில் சேர்ந்த பிறகு பஸ்ஸில் நாலு பேர் முன்னால் பழத்தை மோந்து பார்க்க வெட்கமாக இருந்தது, வேண்டாம் என்றாள். அம்மா பையின் பக்கத்து உறையில் போட்டுவிடுவாள். மேலே தெரியாது, வேணும்னா எடுத்துக்கோ. பையின் பக்கத்து உறையில். குழலியின் கை தன்னை அறியாமல் பக்கத்தில் இருந்த காக்கிப் பையைத் தொட்டது. “கை, கை” என்றான் பெனடிக்ட். கையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு வருஷம் கழித்து, அப்பாவே மனசு இறங்கி, எங்கேயோ ஒரு கம்பெனி வேலை என்கிற பொய்யை நம்பி ஊரறிய அனுப்பிவைத்தபோது அதே நீலப் பையில்தான் துணியைத் திணித்துக்கொண்டு வந்தாள். ஹாஸ்டலில் பையைக் கவிழ்த்து உதறினாள். பக்கத்து உறையிலிருந்து என்னவோ ஒன்று டொக்கென்று தரையில் விழுந்து உருண்டது. கறுப்பாக, கல் மாதிரி, ஜாதிக்காய் பருமனில். குனிந்து எடுத்தாள், என்னவென்று தெரியவில்லை, குலுக்கிப் பார்த்தால் உள்ளே விதை கலகலவென்றது. நல்லவேளை, எலிப் புழுக்கை இல்லை என்று குப்பைக் கூடையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். கழுவுமுன் கையை மோந்து பார்த்திருந்தால்.

மோந்து பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும், ஒன்றும் தெரிந்திருக்காது, காய்ந்த பழத்துக்கு ஏது வாசனை. ஆனால் அந்த நீலப் பையை அவள் எந்த ஊருக்குக் கொண்டுபோனாள்? எந்த ஊருக்கும் இல்லை. அந்தச் சாயங்காலத்துக்காகத்தான் பஜாரில் யாருக்கும் தெரியாமல் வாங்கினாள், அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கட்டினாள், போகாமல் போனதும் துணியை எடுத்துவிட்டுப் பரணில் எறிந்தாள், அப்புறம் சென்னைக்கு வரும்போதுதான் இறக்கினாள். நடுவில் அதற்குள் பழம் எப்படி வரும். அம்மா உள்ளே வந்தாள். ஒரு கையால் கதவைப் பிடித்தாள். இன்னொரு கை? இன்னொரு கையை முந்தானையில் சுற்றி வைத்திருந்தாள், ஈரக் கையைத் துடைக்கிற மாதிரி, துடைக்கவில்லை, சுற்றி அப்படியே இடுப்போடு ஒட்ட வைத்திருந்தாள். எத்தனை தடவை இந்தக் காட்சியை மனசுக்குள் ஓட்டியிருப்பாள், அந்தக் கை எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது, ஒருதடவைகூட அது எதைப் பிடித்திருக்கிறது என்று பார்க்கவில்லை. உள்ளே வரும்போதே பழம் கையில் இருந்திருக்கிறது. அப்படியென்றால் வருவதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. கொடியில் கிடந்த சுடிதார்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனபோதே தெரிந்திருக்குமோ, தலையணைக்கு அடியில் சர்டிபிகேட் கவரைப் பார்த்திருப்பாளோ. தெரிந்தும் அப்பாவிடம் மூச்சுவிடவில்லை. பால் பொங்குகிறது என்றாள். அவளை வெளியே அனுப்பினாள். பழத்தைப் போட்டு உறையை மூடினாள். குழலிக்குக் கண் நிறைந்தது, துடைக்கக் கையைத் தூக்க முடியாது, அதுபாட்டுக்கு வழிந்தது. அவளுடைய அம்மா அவளைப் பார்த்திருக்கிறாள். இத்தனை வருஷமும் பார்க்காதவள் என்று ஊரெல்லாம் சொல்லி, டீக்கடையில் சொல்லி, படமாக எழுதவும் கொடுத்து, போனையும் எடுக்காமல், எவ்வளவு பெரிய அநியாயம் பண்ணிவிட்டாள்.

“அட, சூப்பர்” என்றான் பெனடிக்ட், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். “தண்ணி வெளிச்சத்துல நல்லா மின்னுது. தன்விக்கும் கிளிசரின் போட்டுக்கலாம்.” அப்போதுதான் அவளுக்கு முகத்தில் சூடு தெரிந்தது. வெயில் வந்துவிட்டது. ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீளமாக விழுந்து, கட்டிலில் ஏறி, பையின் மேல் கோடு கோடாகப் படுத்திருந்தது. சேரலாதன் ஓடி வந்தான். தன்வியை எழுப்ப ஆள் போயிற்று. “சொல்லு குழலி, சீக்கிரம். பார்த்தாங்களா, இல்லையா?”

“பார்த்தாங்க சார்” என்றாள்.

சேரலாதன் முகம் சுருங்கியது. “பார்த்தாங்கன்னா படம் எங்கே போகும்? பார்த்துட்டுமா அவளைப் பாலை இறக்கச் சொல்றாங்க? அப்போ அவங்க ராட்சசி ஆயிடுவாங்களே.”

“இல்ல சார். பால் பொங்கலை. பச்சைப் பால். அவளை வெளியே அனுப்பத்தான் அப்படிச் சொல்றாங்க. அவ போனதும் பையோட பக்கத்து உறையில ஒரு எலுமிச்சம்பழத்தைப் போட்டு மூடிட்டுப் போயிடுவாங்க. அவளுக்கு பஸ் ஒத்துக்காது.”

ஜெயகௌரி அம்மா முதலில் நகர்ந்தார். அடுப்படிக்குப் போய் ஜூஸுக்கு வாங்கியதில் மிச்சம் இருந்த ஒரு பழத்தை எடுத்துவந்தார், கேட்காமலேயே அந்தக் கையை முந்தானையில் சுற்றினார். “இப்ப எனக்கு மூஞ்சி கிடைச்சிடுச்சு” என்றார். சேரலாதன் குழலியையே பார்த்துக்கொண்டு நின்றான். உன் ஃப்ரெண்டா என்று அவன் கேட்கவில்லை. “கேமராவை அந்தப் பொண்ணு பின்னாடி கொண்டுபோக வேணாம் பெனடிக்ட்” என்று மட்டும் சொன்னான். “ரூம்லயே இருக்கட்டும்.” வெயில் இறங்குவதற்குள் எடுத்துவிட்டார்கள். ஜெயகௌரி அம்மா அழவில்லை, சாபம் கொடுக்கவில்லை, பழத்தை உறைக்குள் போட்டு ஜிப்பைச் சத்தம் வராமல் இழுத்தார், அவ்வளவுதான். குழலியால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. போனை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் அம்மா. “என்னட்டி, அதிசயமா நீயா கூப்பிடுத. மேலுக்குச் சுகமில்லையா?” குழலி சுவரில் சாய்ந்துகொண்டாள். “அம்மா, அன்னைக்கு... அந்த நீலப் பைக்குள்ள பழம் வச்சது நீதானா?” அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. “அது காஞ்சுபோயிருக்குமே இந்நேரம்” என்றாள் அம்மா. குழலி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “மன்னிச்சிருமா, நீ பாக்கவே இல்லன்னு நெனச்சுட்டேன், எல்லார்ட்டயும் அப்படியே சொல்லிட்டேன்.” “அட கோட்டிக்காரி, அதுக்கா அழுத?” என்றாள் அம்மா. அப்புறம் அடுப்படிக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அம்மா பேச ஆரம்பித்தபோது குரல் தாழ்ந்திருந்தது, பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. “நானும் உன்ட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டே இருக்கேன். கேட்டா நீ வருத்தப்படுவியேன்னு கேக்கல. அன்னைக்கு உங்க அப்பா கடையை அடைச்சுட்டு வாரதுக்குள்ள நீ போயிருவன்னுதான் நான் மேலவீட்டுல போய் உக்காந்திருந்தேன். வாசக்கதவத் தொறந்துதான போட்டுட்டுப் போனேன். பஸ்ஸு ஆரன் அடிச்சுக்கிட்டுப் போற சத்தம் கேட்டுச்சு, சரி, பிள்ள ஏறிட்டான்னு கும்புட்டுக்கிட்டு வீட்டுக்கு வாரேன். வந்து பாத்தா நீ அடுப்படியில நின்னு காப்பி ஆத்திக்கிட்டு இருக்க.”

உள்ளேயிருந்து பெனடிக்ட் குழலியைக் கூப்பிட்டான், அடுத்த ஷாட்டுக்கு வந்து உட்காரச் சொல்லி.

“நீ ஏன்ட்டி போகல?” என்றாள் அம்மா.